எழுத்தும் செவியும்: ஆங்கிலேயர் ரஷ்ய ஒலிப்பைக் கற்ற வரலாறு

ரஷ்ய நாவலாசிரியர் ஒருவரின் பெயரைத் தமிழில் இரு வகையாக எழுதும் வழக்கம் உண்டு. ‘டாஸ்டாயெவ்ஸ்கி’ என்பது ஒன்று. ‘தஸ்தயேவ்ஸ்கி’ என்பது மற்றொன்று. முன்னது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதிய வடிவம். பின்னது ரஷ்யர் வாயில் அப்பெயர் ஒலிக்கும் முறைக்கு மிக நெருங்கியது. டகரம் தகரமாயிற்று, ஒகரம் அகரமாயிற்று. சிறியவையாகத் தோன்றும் இவ்விரு மாற்றங்களுள் ரஷ்ய ஒலிப்பின் இரண்டு அடிப்படைகள் அடங்கியுள்ளன. ஆங்கிலேயர் ரஷ்ய மண்ணில் கால் பதித்த பின், இவற்றை ஒலியியல் முறைப்படி விளக்க முனைவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கண்ணால் கற்றதைக் காதால் திருத்திக்கொண்ட அந்த நெடிய முயற்சியே இவ்வுரையின் பொருளாகும்.

வணிகரும் மருத்துவரும் குருவும்

1553ஆம் ஆண்டு, வடகடல் வழியே சீனத்தை அடையும் நோக்கில் மூன்று கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. அவற்றுள் இரண்டு பனியில் சிக்கின. தலைவர் ஹியூ வில்லோபியும் அவருடன் இருந்தோரும் மாண்டனர். ரிச்சர்ட் சான்செலரின் கப்பல் மட்டும் வெண்கடலை அடைந்தது. அங்கிருந்து அவர் தரைவழியே மாஸ்கோ சென்று நான்காம் இவானைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 1555இல், மஸ்கோவி வணிகக் குழு அரச உரிமம் பெற்றது. கம்பளித் துணியை விற்கவும் மென்மயிர்த் தோலும் மெழுகும் வாங்கவும் சென்றோர்க்கு மொழி இன்றியமையாததாயிற்று. ஆயினும் அவர்கள் கையில் இலக்கண நூலும் இல்லை, அகராதியும் இல்லை.

அக்குறையை நீக்க முயன்றோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். முதல்வர் ஜார் மன்னரின் மருத்துவராக 1594 முதல் 1599 வரை பணியாற்றிய மார்க் ரிட்லி. ஏறத்தாழ 6000 ரஷ்யச் சொற்களுக்கு அவர் ஆங்கிலப் பொருள் எழுதி வைத்தார். மற்றவர் ரிச்சர்ட் ஜேம்ஸ் என்னும் சமயகுரு. 1618இல் டட்லி டிக்ஸின் தூதுக் குழுவுடன் சென்ற அவர், வடக்கே கொல்மகோரி என்னும் ஊரில் குளிர்காலத்தைக் கழித்தார். அங்கு மக்கள் பேசிய சொற்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ரிட்லி ரஷ்யச் சொற்களை அம்மொழியின் எழுத்திலேயே பதிந்தார். ஜேம்ஸோ பெரும்பாலும் தம் காதில் விழுந்தவாறே எழுதினார். அவருடைய எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றது; ஓர் ஆங்கிலேயரின் செவி தவறவிட்டவற்றையெல்லாம் அதில் காணலாம். எனினும், அவ்வூரார் உண்மையில் எவ்வாறு பேசினர் என்பதற்கான சான்று அதனுள் உறைந்திருந்தது. அதனாலேயே 1959இல் லெனின்கிராட் அறிஞர் லாரின் அக்குறிப்பேட்டை ஆராய்ந்து நூலாக்கினார். அயலான் ஒருவன் காதால் கேட்டு எழுதியது மூன்று நூற்றாண்டு கடந்து ரஷ்யருக்கே பயன்பட்டது.

1696இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ரஷ்ய இலக்கணம் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. அதன் ஆசிரியர் லுடோல்ஃப் ஜெர்மானியர். ரஷ்யாவில் பேச்சுக்கு ரஷ்ய மொழியும் எழுத்துக்கு ஸ்லாவோனியமும் வழங்குவதை அவர் தெளிவாக எடுத்துரைத்தார்; அன்றாட உரையாடல்களையும் நூலில் சேர்த்தார். பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையே வாழும் நமக்கு அந்நிலை எளிதில் விளங்கும். எழுத்தை மட்டும் கற்றுச் செல்லும் அயலார் சந்தையில் நின்று பேச முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இடர் எங்கே இருந்தது?

ரஷ்ய எழுத்துகள் 33. அவற்றின் வடிவத்தைச் சில நாள்களில் கற்றுவிடலாம். எழுத்து எளிதாக வசப்படுவதே கற்போரை ஏமாற்றுகிறது. இடர் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, நாவின் இருப்பிடம். ஆங்கிலேயர் தம் ‘ட்’ ஒலியை மேற்பல்லின் பின்னுள்ள ஈறில் நுனிநாவைப் பொருத்தி ஒலிக்கின்றனர். ரஷ்யரின் நா பல்லையே தொடுகிறது, தமிழ்த் தகரத்தைப் போல. ஒலிகளின் பிறப்பிடத்தை நாவும் பல்லும் அண்ணமும் கொண்டு வகுத்த தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தோர்க்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும். மேலும், ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் ப், ட், க் ஒலிகளை மூச்சுக்காற்று வெளிப்பட ஒலிப்பர். ரஷ்யத்தில் அக்காற்று கூடாது.

இரண்டாவது, ரஷ்ய மெய்களின் இரட்டைத் தன்மை. பெரும்பாலான மெய்கள் ‘கடினம்’, ‘மென்மை’ என இணைகளாக அமைந்துள்ளன. இவற்றை நம் வல்லின மெல்லினங்களோடு குழப்புதல் ஆகாது. மென்மை ஒலியில் உதடோ பல்லோ தன் வேலையைச் செய்யும்போதே நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி உயர்கிறது. இரண்டு அசைவுகளும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. ஆங்கிலேயரோ அதனை மெய்யும் யகரமுமாகப் பிரித்து இரண்டு ஒலிகளாக்குவர். ‘இல்லை’ என்னும் பொருளுடைய ரஷ்யச் சொல்லை அவர்கள் ‘ந்யெத்’ என்பர். ரஷ்யர் வாயில் முதலொலி ஒன்றே. அது நம் ஞகரத்தை நினைவூட்டும். சொல்லின் ஈற்றில் இடர் பெருகும். ‘பிராத்’ என்பதன் இறுதி மெய் கடினமானால் ‘சகோதரன்’, மென்மையானால் ‘எடுத்தல்’. பின்னே உயிர் இல்லாததால் யகரத்தைச் சேர்த்துச் சமாளிக்கவும் வழியில்லை. ஆங்கிலச் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

மூன்றாவது, அசையழுத்தம். ரஷ்யத்தில் அழுத்தம் எந்த அசையிலும் விழலாம். வழக்கமான அச்சில் அதற்குக் குறி இல்லை. ‘முக்கா’ போன்று ஒலிக்கும் ஒரு சொல்லில் முதலசையை அழுத்தினால் ‘வேதனை’, ஈற்றசையை அழுத்தினால் ‘மாவு’. அழுத்தம் பெறாத ஒகரம் தன் உருவை இழந்து அகரத்தை நோக்கிச் சாய்கிறது. பாலைக் குறிக்கும் சொல்லில் எழுத்தளவில் மூன்று ஒகரங்கள் உள்ளன. மாஸ்கோ வழக்கில் கடைசி ஒன்றே ஒகரமாக ஒலிக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் பெயரில் ஒகரம் மறைந்ததும் இவ்விதியால்தான்.

இவற்றோடு, இகரத்திற்கும் உகரத்திற்கும் இடைப்பட்ட ஓர் உயிரும் உண்டு. உதடு குவியாமல், நாவைப் பின்னிழுத்து ஒலிக்கப்படுவது அது. நம் குற்றியலுகரம் அதற்கு அண்மையது; ஆனால் அதுவே அன்று. இவ்வுயிரை இகரமாகவும் அதன் முன்னுள்ள மெய்யை மென்மையாகவும் ஒலித்தால், ‘இருத்தல்’ என்னும் சொல் ‘அடித்தல்’ ஆகிவிடும்.

ஒலியியலார் வருகை

இவ்விடர்களை அறிவியல் முறையில் அணுகிய முன்னோடிகளுள் ஹென்றி ஸ்வீட் முக்கியமானவர். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்து ஹிக்கின்ஸ் பாத்திரத்தில் இவருடைய சாயல் உண்டு. 1870களின் இறுதியில் இவர் ரஷ்ய ஒலிப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் எதற்கு ஈடாகும் என்று பட்டியலிடும் பழைய முறையிலிருந்து விலகி, பேச்சுறுப்புகள் என்ன செய்கின்றன என்பதை ஆராயும் முறை இங்கு வேரூன்றியது.

அம்முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ். ரஷ்யரான டிராஃபிமோவுடன் இணைந்து 1923இல் அவர் வெளியிட்ட ரஷ்ய ஒலிப்பு நூல், கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உறுதியான அடித்தளம் அமைத்தது. ஜோன்ஸின் பயிற்சியில் ஒரு சிறப்பு உண்டு. பொருளற்ற சொற்களை அவர் உரக்கச் சொல்வார். மாணவர் கேட்டவாறே ஒலிக்குறிகளால் எழுத வேண்டும். பொருள் தெரிந்த சொல்லாயின் மூளை ஊகித்து நிரப்பிவிடும். பொருளற்ற சொல்லில் செவி மட்டுமே துணை. நாவைப் பழக்குமுன் செவியைப் பழக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. டென்னிஸ் வார்டுடன் சேர்ந்து அவர் எழுதிய விரிவான ரஷ்ய ஒலியியல் நூல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1969இல் வெளிவந்தது.

இப்பள்ளியின் பயன் தமிழுக்கும் கிட்டியது. ஜோன்ஸின் துறையில் பணியாற்றிய ஜே. ஆர். ஃபெர்த், 1934இல் வெளிவந்த ஆர்டனின் தமிழ் இலக்கண நூற்பதிப்பிற்குத் தமிழ் ஒலிப்பைப் பற்றிய பின்னிணைப்பு ஒன்றை எழுதியளித்தார்.

தேசிய சேவையாளரின் வகுப்பறை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பனிப்போர் மூண்டது. சோவியத் படைகளின் வானொலிப் பேச்சைக் கேட்டு எழுத பிரிட்டனுக்கு ஆள்கள் தேவைப்பட்டனர். 1951இல் முப்படைகளுக்கும் பொதுவான மொழிப் பள்ளி தொடங்கப்பட்டது. பாட்மின், கூல்ஸ்டன், பின்னர் ஸ்காட்லாந்தின் கிரெயில் ஆகிய இடங்களில் அது இயங்கி 1960இல் முடிவுற்றது. தேசிய சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞருள் ஏறத்தாழ 5000 பேர் அதில் ரஷ்யம் கற்றனர். சிறந்தோர் இலண்டன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டனர். கேம்பிரிட்ஜ் பிரிவை நடத்தியவர் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த பேராசிரியர் எலிசபெத் ஹில். தேர்வுகள் அடிக்கடி நடந்தன. தவறியோர் தம் படைப்பிரிவுக்கே திரும்ப நேர்ந்தது.

அங்குக் கற்பித்தோருள் பலர் தாயகத்தை விட்டு வெளியேறியவர்கள். புரட்சிக்கு முந்திய தலைமுறையின் பேச்சும், போருக்குப் பின் வந்தோரின் பேச்சும், வேற்று நாட்டினர் பேசிய ரஷ்யமும் ஒரே நாளில் மாணவர் செவியில் விழுந்தன. இது குறையன்று. இரைச்சல் நிறைந்த வானொலியில் பேசுவோன் எந்த ஊரினன் என்று முன்கூட்டி அறிய இயலாது. பன்னிரண்டைக் குறிக்கும் சொல் விரைந்த பேச்சில் ஏறத்தாழ ‘த்விநாத்ஸத்’. பத்தொன்பதைக் குறிப்பது ‘திவித்நாத்ஸத்’. ஒரேயொரு அசையைச் செவி தவறவிட்டால் எண்ணே மாறிவிடும். திருந்த ஒலிக்கக் கற்பது இங்கு அழகுக்காக அன்று. தானே ஒலித்துப் பழகிய வேறுபாட்டைச் செவியும் விரைவில் பிரித்தறியும் என்பதற்காக.

அரசு எதிர்பார்த்தது ஒற்றுக்கேட்போரை. அவர்களோடு எழுத்தாளர் சிலரும் கிடைத்தனர். நாடகாசிரியர்கள் ஆலன் பென்னட், டென்னிஸ் பாட்டர், மைக்கேல் ஃப்ரேன், கவிஞர் டி. எம். தாமஸ் ஆகியோர் இப்பள்ளியில் பயின்றவர்கள். ஃப்ரேன் பின்னாளில் செகாவின் நாடகங்களை நேரே ரஷ்யத்திலிருந்து மொழிபெயர்த்தார்; தாமஸ் அக்மதோவாவின் கவிதைகளை ஆங்கிலமாக்கினார்.

பெயர்களில் தங்கிய பிழை

இத்தனை பயிற்சிக்குப் பின்னும், பொதுமக்கள் வழக்கில் எழுத்தே வென்றது. சோவியத் தலைவர் ஒருவரை ஆங்கிலச் செய்தியாளர் முதலசையை அழுத்திக் ‘குருஷ்சேவ்’ என்றனர். ரஷ்யர் ஈற்றசையை அழுத்தி, ஏறத்தாழ ‘ஹ்ருஷ்ஷோஃப்’ என்பர். காரணம் இரண்டு புள்ளிகள். யோகார ஒலியைக் காட்ட எகர எழுத்தின் மேல் இடும் அப்புள்ளிகளை ரஷ்யர் அச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவர்; சொல்லை அறிந்த அவர்களுக்கு அவை தேவையில்லை. எழுத்தை மட்டும் கண்டவர் எகரமாகவே பெயர்த்தனர். கோர்பச்சேவ் பெயருக்கும் இதுவே நேர்ந்தது. ஆங்கிலத்தின் வழியே பெற்ற நாமும் அதே பிழையை நம் செய்தித்தாள்களில் ஏற்றுக்கொண்டோம்.

‘உங்களைக் காதலிக்கிறேன்’ என்னும் ரஷ்யத் தொடரை நினைவில் வைக்க, ஆங்கில மாணவர் ‘யெல்லோ புளூ பஸ்’ என்று சொல்லிப் பழகுவதுண்டு. கேட்போர் புரிந்துகொள்வர்; புன்னகையும் செய்வர். ஆனால் அதிலுள்ள லகரம் மென்மையற்றது; வகரம் பகரமாகிவிட்டது. அறிந்த ஒலியைக் கொண்டு அறியாத ஒலியை ஈடுகட்டுவது தொடக்கத்திற்குத் தோள் கொடுக்கும். அங்கேயே நின்றுவிட்டால் அயலொலி என்றும் காதில் விழாது.

ஆசிரியர்க்கு ஒரு சிந்தனை

நம் வகுப்பறைகளில் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் கற்கின்றனர். அவர்கள் லகர ளகர ழகரங்களை ஒன்றாக ஒலிக்கும்போது, நா வளையவில்லை என்று நாம் கருதுகிறோம். ரஷ்யம் கற்ற ஆங்கிலேயரின் வரலாறு வேறொன்றையும் முதலில் வினவச் சொல்கிறது: அம்மூன்றும் வெவ்வேறாக அப்பிள்ளையின் செவியில் விழுகின்றனவா? ‘வலி, வழி’, ‘பல்லி, பள்ளி’ என்னும் இணைகளை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல, மாணவர் எது எது என்று சுட்டிக்காட்டும் சிறு பயிற்சி இதற்குப் போதும். ஜோன்ஸ் தம் மாணவர்க்கு அளித்ததும் இவ்வகைப் பயிற்சியே. செவி வேறுபாட்டைப் பற்றிக்கொண்டபின் நாவைத் திருத்தும் வேலை பாதியாகக் குறையும். அதற்குமுன் திருத்தினால், தான் செய்த பிழை யாதென்றே அறியாமல் பிள்ளை தலையாட்டும்.