தம்மையே விசாரித்துக்கொண்ட கவிஞர்: யுன் தொங்ஜுவின் வாழ்வும் கவிதையும்

இருபதாம் நூற்றாண்டுக் கொரியத் தன்னுணர்ச்சிக் கவிதையில் கிம் சொவொல், ஹான் யொங்உன், ஜொங் ஜியொங், பெக் சொக் எனப் பெரும்பெயர்கள் பல உண்டு. அந்த வரிசையில், வாழ்நாளில் ஒரு நூல்கூட வெளியிடாமலே இடம்பெற்றவர் யுன் தொங்ஜு (1917–1945). 27 வயதில் ஜப்பானியச் சிறையில் உயிர்நீத்த இவருடைய கவிதைகளைக் கொரியப் பள்ளிப் பிள்ளைகள் இன்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இவர் விடுதலைப் போராட்டக் கவிஞரா, தூய அகவுணர்வுக் கவிஞரா என்று திறனாய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். வாழ்க்கையையும் கவிதையையும் சேர்த்துவைத்துப் படித்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை என்பது என் துணிபு. பிறரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் தம்மைக் கூண்டில் ஏற்றி விசாரித்த கவிஞர் அவர். மனிதரின் பெயரையும் மொழியையும் வழிபாட்டையும் தன் ஆணைக்குள் கொண்டுவர முனைந்த ஜப்பானியக் காலனி ஆட்சியின்கீழ், மனச்சாட்சியைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வதுதான் பெரிய எதிர்ப்பு.

எல்லைக்கு அப்பால் பிறந்தவர்

1917 டிசம்பர் 30 அன்று மியொங்தொங் என்னும் சிற்றூரில் யுன் பிறந்தார். தூமன் ஆற்றுக்கு வடக்கே கொரியர்கள் குடியேறி வாழ்ந்த கந்தோ வட்டாரம் அது. இன்று சீனாவின் ஜிலின் மாநிலத்தில் லொங்ஜிங் நகரை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பள்ளியை நிறுவியவர் தாய்மாமன் கிம் யக்யொன். கிறித்தவம், தாய்மொழிக் கல்வி, விடுதலை வேட்கை மூன்றும் அந்த ஊரில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

யுன் பிறந்த அதே வீட்டில் மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தவர் அத்தை மகன் சொங் மொங்க்யு. அவர் எழுத்தில் முந்திக்கொண்டார். 1935 புத்தாண்டில் தொங்ஆ நாளிதழின் இலக்கியப் போட்டியில் பரிசு பெற்றார். யுன் பாதுகாத்து வைத்த கவிதைகளில் மிகப் பழைய மூன்றும் 1934 டிசம்பர் 24 என்ற நாளைத் தாங்கியவை. கவிதையின் அடியில் எழுதிய நாளைக் குறிக்கும் வழக்கம் அப்போது தொடங்கியது. அவருடைய மனப்போக்கை ஏறக்குறைய நாள்வாரியாக நாம் பின்தொடர முடிவது அதனால்தான்.

1935-இல் பியோங்யாங் சென்று சூங்சில் பள்ளியில் சேர்ந்தார். ஷின்டோ கோயில்களில் மாணவர்கள் வணங்கியாக வேண்டும் என்ற அரசாணைக்குப் பள்ளி பணிய மறுத்ததால் நெருக்கடி மூண்டது. மறு ஆண்டே யுன் படிப்பை விட்டு லொங்ஜிங் திரும்பினார். அங்கே சிறுவர் இதழ்களுக்குக் குழந்தைப் பாடல்கள் எழுதினார். பெக் சொக்கின் ‘மான்’ தொகுப்பு 1936-இல் 100 படிகள் மட்டுமே அச்சானது. விலைக்குக் கிடைக்காத அந்நூலை யுன் 1937-இல் முழுவதுமாகக் கையால் படியெடுத்துக்கொண்டார். பிறர் கவிதையை அப்படிக் காப்பாற்றிய அவருடைய கவிதைகளும் பின்னாளில் கையெழுத்துப் படியாகவே பிழைத்தன.

கிணற்றில் தெரிந்த முகம்

1938-இல் சியோலின் யொன்ஹி கல்லூரியில் (இன்றைய யொன்செய் பல்கலைக்கழகம்) சேர்ந்தார். மொழியறிஞர் சொய் ஹியொன்பேயிடம் கொரிய மொழி பயின்றார். பள்ளிப் பாடத்திட்டத்தில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்ததும் அதே ஆண்டில்தான். 1940-இல் ஜப்பானியப் பெயர்மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொரிய மொழியின் பெருநாளிதழ்கள் இரண்டும் மூடப்பட்டன.

1939-இல் எழுதிய ‘தன்னுருவப் படம்’ அவருடைய கவிதைமுறைக்குத் திறவுகோல். தனித்த கிணறு ஒன்றை ஒருவன் எட்டிப்பார்க்கிறான். நிலா, மேகம், வானம், காற்று எல்லாம் நீருக்குள் இருக்கின்றன. கூடவே ஒரு மனிதனும் தெரிகிறான். அவனை வெறுத்து விலகுகிறான். இரக்கம் வந்து திரும்புகிறான். மறுபடி வெறுப்பு, பின்பு ஏக்கம். கதையாக எதுவும் நிகழவில்லை. நடப்பதும் திரும்புவதும் மட்டுமே உண்டு. தன்னிரக்கத்தில் கரைந்துவிடாமலும் தன்வெறுப்பில் உறைந்துவிடாமலும் அந்தக் கால்களின் போக்குவரத்தே கவிதையைக் காக்கிறது. சொற்கள் எளிமையானவை, குழந்தைப் பாடல்களில் பெற்ற பயிற்சி இங்கே பலன் தருகிறது.

1941 நவம்பர் 5 நாளிட்ட ‘விண்மீன் எண்ணும் இரவு’ இதே விசாரணையை விரிவான வெளியில் நடத்துகிறது. பால்யத் தோழியரான சீனச் சிறுமியர், ஏழை அயலார், கவிஞர்கள் பிரான்சிஸ் ஜாம், ரில்கே, தொலைவில் கந்தோவில் இருக்கும் அம்மா என ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு பெயர் கிடைக்கிறது. கடைசியில் தம் பெயரை மண்ணில் எழுதி மண்ணாலேயே மூடுகிறார். பெயர் பறிக்கப்பட்ட காலத்தில் எழுதிய கவிதை என்பதை மறந்தால் அந்தச் செயலின் முழுக் கனமும் நமக்கு எட்டாது.

மூன்று படிகள்

பட்டம் பெறும் தறுவாயில் 19 கவிதைகளைத் திரட்டினார். 77 படிகள் அச்சிட எண்ணினார். முதலில் கருதிய தலைப்பு ‘மருத்துவமனை’. இன்றைய உலகம் முழுவதுமே நோயாளிகளால் நிறைந்திருப்பதுதான் காரணம் என்று நண்பரிடம் விளக்கினார். முன்னுரைபோல அமைந்த கவிதையை நவம்பர் 20 அன்று எழுதியபின் ‘வானமும் காற்றும் விண்மீனும் கவிதையும்’ என்பது தலைப்பாயிற்று. தணிக்கைக்குத் தப்பாது என்று அஞ்சிய ஆசிரியர் இ யாங்ஹா, வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொன்னார். கையால் எழுதிய மூன்று படிகளில் ஒன்றை ஆசிரியருக்கும் மற்றொன்றை இளைய தோழர் ஜொங் பியொங்உக்குக்கும் கொடுத்தார்; மூன்றாவதைத் தாமே வைத்துக்கொண்டார்.

ஜப்பானில் மேற்படிப்புக்குச் செல்லப் பெயரை மாற்றியே தீர வேண்டியிருந்தது. 1942 ஜனவரி 29 அன்று ‘ஹிரானுமா’ என்ற குடும்பப்பெயரைக் கல்லூரியில் பதிந்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு எழுதியது ‘பாவமன்னிப்பு ஏடு’. பச்சைக் களிம்பேறிய வெண்கலக் கண்ணாடியில் தம் முகம் மங்கலாகத் தெரிவதையும், இரவுதோறும் உள்ளங்கையாலும் உள்ளங்காலாலும் அதைத் துலக்க எண்ணுவதையும் அதில் சொல்கிறார். அந்தக் கையெழுத்துத் தாளின் ஓரத்தில் கிறுக்கல்களாகச் சில சொற்கள் உள்ளன: கடற்பயணச் சான்று, உயிர், வாழ்க்கை, கவிதை என்றால் என்ன. அரசிடம் பெற வேண்டிய சான்றும் மனச்சாட்சி கேட்கும் கேள்வியும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. தாம் செய்யப்போகும் சமரசத்துக்கு அவர் சாக்குத் தேடவில்லை.

சிறையும் மீட்சியும்

தோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டுகூட முடியாமல் கியோத்தோவின் தோஷிஷாவுக்கு மாறினார். தோக்கியோவில் எழுதி சியோல் நண்பர் காங் சொஜுங்குக்கு அனுப்பிய ஐந்து கவிதைகள் எஞ்சின. அவற்றுள் 1942 ஜூன் 3 நாளிட்ட ‘எளிதாய் எழுதிய கவிதை’ அயல்நாட்டில் ஆறு பாய் விரித்த அறையில் பிறக்கிறது. வீட்டார் அனுப்பிய பணத்தில் விரிவுரை கேட்கப்போகும் மாணவர், வாழ்வு இவ்வளவு கடினமாயிருக்கக் கவிதை எளிதாய் வருவதற்கு வெட்குகிறார்.

1943 ஜூலையில் சொங் மொங்க்யுவும் நான்கு நாள் கழித்து யுன்னும் கைதாயினர். கியோத்தோ நீதிமன்றம் அமைதிகாப்புச் சட்டத்தின்கீழ் 1944-இல் இருவருக்கும் ஈராண்டுச் சிறை விதித்தது. கொரிய மொழிப் பாடம் ஒழிக்கப்பட்டதை நண்பர்களிடையே கண்டித்துப் பேசியதும் குற்றங்களில் ஒன்றாயிற்று. கைதின்போது பறிமுதலான எழுத்துகள் திரும்பக் கிடைக்கவில்லை. 1945 பிப்ரவரி 16 அன்று ஃபுகுவோகா சிறையில் யுன் இறந்தார். மார்ச் 7 அன்று சொங் இறந்தார். யுன் இறந்தபோது நாடு விடுதலை பெற ஆறு மாதமே இருந்தது.

கட்டாயப் படைச்சேவைக்குச் சென்ற ஜொங் பியொங்உக், தம் படியைக் குவாங்யாங்கில் இருந்த தாயாரிடம் ஒப்படைத்துப் போயிருந்தார். அந்த அம்மையார் வீட்டு மரத்தளத்தின் அடியில் அதை ஒளித்துவைத்தார். காங் சொஜுங் தம்மிடமிருந்த கவிதைகளைக் காத்தார். 1948 ஜனவரியில் 31 கவிதைகளோடு, ஜொங் ஜியொங்கின் முன்னுரையுடன் நூல் வெளிவந்தது. தங்கை ஹியெவொன் லொங்ஜிங்கிலிருந்து மேலும் பல ஏடுகளைக் கொண்டுவந்தார். ஜப்பானியரும் அவரை மறக்கவில்லை: ஆய்வாளர் ஓமுரா மசுவோ 1985-இல் லொங்ஜிங்கில் அவருடைய கல்லறையைத் தேடிக் கண்டார், கவிஞர் இபராகி நோரிகோ எழுதிய கட்டுரை ஜப்பானிய மேனிலைப்பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது, 2025 பிப்ரவரி 16 அன்று தோஷிஷா தன் பழைய மாணவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

ஒடுக்கப்பட்டோரும் ஒடுக்கிய நாட்டின் வழித்தோன்றல்களும் ஒரே கவிஞரை நெஞ்சில் ஏந்துவது அரிது. யுன்னின் கவிதை பகைவரைப் பழிப்பதோடு நின்றிருந்தால் இது நிகழ்ந்திருக்காது. தம்மிடம் அவர் கேட்டுக்கொண்ட கேள்வியைப் படிப்பவர் எவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளாமல் தப்ப முடியாது. தன்னுணர்ச்சிக் கவிதை தனிமனிதரின் நேர்மையைத் தாங்கும்போது ஒரு மக்களினத்தின் மானத்தையும் தாங்கும் என்பதற்கு அவருடைய சிறு நூலைவிட வலுவான சான்று நான் அறிந்தவரை இல்லை.