பாடம் யாருடையது? தமிழ் மேடையில் நடிகரும் ஆசிரியரும்

தமிழ் மேடையில் காலம் கழித்தவர்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் ‘பாடம்’. வசனம், பாட்டு, விருத்தம், அடவு, நுழையும் இடம், விட்டுக்கொடுக்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். அது ஏட்டில் இருப்பதன்று. நடிகரின் நெஞ்சிலும் தொண்டையிலும் காலிலும் இருப்பது. நடிப்பு என்பது நடிகருக்கும் நெறியாளருக்கும் என்ன பொருள் தருகிறது என்ற கேள்விக்கு நம் நாடக வரலாறுகள் பெரும்பாலும் ‘கலைத் தாகம்’, ‘தியாகம்’ என்று விடை சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அந்த விடை போதாது என்பது என் வாதம். பாடம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மேடைத் தொழிலின் பொருள் ஒவ்வொரு காலத்திலும் மாறி வந்திருக்கிறது. தாகத்தை அளக்க முடியாது. பாடத்தின் உரிமையை ஆராய முடியும்.

இந்தக் கேள்வி புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறும் மாதவியைக் காட்டுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோ விரிவாகச் சொல்கிறார். அரங்கின் அளவைக் கூடக் கோல் கொண்டு அளந்து தருகிறார். ஆட்டம் முடிந்ததும் அரசன் தலைக்கோல் பட்டத்தையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையையும் அளிக்கிறான். அதே மாலை நகர நம்பியர் திரியும் தெருவில் கூனியின் கையில் விலைக்கு நிற்கிறது. வாங்குபவன் மாதவிக்கு உரியவனாகிறான். ஏழாண்டுப் பாடத்துக்குக் கிடைத்த பரிசும் ஆடியவளின் உடலுக்கு வைத்த விலையும் ஒரே எண்ணில் முடிகின்றன. தமிழ் நடிகையின் நிலையைப் பற்றி இதைவிடக் கூர்மையான சான்றை நான் கண்டதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கு (1867–1922) வருவோம். அவர் முதலில் நடிகர். எமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றவர். விடியற்காலையில் சனீசுவரன் வேடத்தைக் கலைக்கக் குளத்துக்குச் சென்ற அவரைக் கண்டு ஒரு கர்ப்பிணி அஞ்சிக் கருக்கலைந்ததாகவும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதை விட்டதாகவும் நாடக உலகம் சொல்லி வருகிறது. செய்தியின் உண்மை எதுவானாலும், நடிகர் வாத்தியாராக மாறியதற்கு நாடகக்காரர்கள் கற்பித்துக்கொண்ட காரணம் இது என்பதே எனக்கு முக்கியம். தன் உடலின் ஆற்றலுக்குத் தானே அஞ்சியவர், அதைப் பிறர் உடல்களுக்குப் பாடமாகக் கொடுத்தார் என்று அந்தக் கதை பேசுகிறது.

1918இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அந்தச் சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார். ஆசிரியருக்கும் நடிகருக்கும் இடையிலான உறவின் உச்சம் அது: ஒரு குரலை மனத்தில் வைத்து நாடகம் முழுதும் பிறக்கிறது. ஆனால் ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. சிறுவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். கம்பெனி வீட்டில் அடியும் பாடமும் சேர்ந்தே கிடைத்தன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகி வேடம் கட்டிய பையன் இன்று யாருக்கும் வேண்டாதவன். உடலை முதலாளி வாங்கியிருந்தார். குரலை இயற்கை பறித்தது. நெஞ்சில் ஏறிய பாடத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. கம்பெனியை விட்டு வெளியேறிய நடிகர்கள் அதைக் கொண்டே பிழைத்தார்கள்.

அப்படி வெளியேறிய பாடம் தனக்கென அமைத்துக்கொண்ட மேடையே ஸ்பெஷல் நாடகம். அதை நாடகத்தின் சிதைந்த வடிவமாகக் கருதும் வழக்கம் நம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருகிறார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூனும் டான்ஸ்காரரும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு இடங்களிலிருந்து. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இரவு பத்து மணிவாக்கில் கோயில் கொட்டகையில் ஒன்றுகூடி விடியும்வரை ‘வள்ளி திருமண’த்தை நடத்திவிடுகிறார்கள். இதை இயலச்செய்வது சுவாமிகள் விட்டுச் சென்ற பொதுப் பாடம். அதைவிட முக்கியம், அந்தப் பாடத்துக்கு வெளியே அவர்கள் நிகழ்த்தும் தர்க்கம். தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் மோதும்போது, எதிராளி எந்தக் கேள்வியை எடுப்பார் என்பது அந்த நொடிவரை தெரியாது. புராணம், இலக்கணம், திருப்புகழ், உலக நடப்பு எல்லாம் கையிருப்பில் இருக்க வேண்டும். தடுமாறினால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிழவருக்குத் தெரிந்துவிடும். இங்கே நடிப்பது என்பது ஊரறியத் தேர்வு எழுதுவது. கேள்வி கேட்பவரும் திருத்துபவரும் சக நடிகரே.

இந்த அறிவுக்கு ஊர் கொடுத்த பெயர் ‘கூத்தாடி’. மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே பல ஆண்டுகள் களப்பணி செய்த சூசன் சைசர், பெண் கலைஞர்கள் அந்த வசையை எப்படிச் சுமக்கிறார்கள் என்று 2005இல் வெளிவந்த தம் நூலில் நுட்பமாக எழுதினார். மேடையில் ஆயிரம் பேர் முன் நின்று ஆணோடு வாதிடும் பெண், நாடகத்துக்குப் போகும் வழியில் தன்னை யாரும் பார்த்துவிடாதபடி வேனுக்குள் மறைந்து போகிறாள். அடக்கமான இல்லத்தரசியின் தோற்றத்தை வலிந்து காக்கிறாள். அந்தப் பயணத்தையும் நடிப்பாகவே நான் எண்ணுகிறேன். மேடை வேடத்துக்குக் கூலி உண்டு, இதற்கு இல்லை.

பம்மல் சம்பந்த முதலியார் இந்த வசைக்கு வேறொரு தீர்வு கண்டார். 1891இல் அவர் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வேடம் கட்டினார்கள்; சத்தியமூர்த்தியும் அங்கே நடித்தவர். ஒத்திகை ஒழுங்கு, நேர ஒழுங்கு, உரைநடை வசனம் என்று அவர் செய்த பணியின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடிப்பு மரியாதை பெற்றது நடிப்பினால் அன்று, நடித்தவர்களின் பதவியினால். கூலி வாங்காததால் அவர்கள் கனவான்கள். கூலி வாங்கியவர்கள் கூத்தாடிகளாகவே இருந்தார்கள். தொழிலைத் தூக்கி நிறுத்தாமல் தொழிலாளியை மாற்றி வைத்த தீர்வு அது. அதன் நிழல் சபா நாடகங்கள்வரை நீள்கிறது.

வடமாவட்டக் கூத்தில் வாத்தியார் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் தாமே முதன்மை வேடக்காரர். வேடமில்லாத நேரத்தில் பின்பாட்டுக்காரர்களோடு நின்று, ஆடுபவர் பாடிய அடியை ஏந்திக்கொள்கிறார். மறந்தால் எடுத்துக் கொடுக்கிறார். ஆசிரியர் நடிகரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அதே வெளிச்சத்தில். துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேடக்காரர் திரௌபதியின் சேலையில் கைவைக்குமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, வேடத்துக்காகச் செய்வதைப் பொறுத்தருளும்படி அம்மனிடம் வேண்டுவது உண்டு. வேடத்துக்கும் தனக்கும் இடையிலுள்ள கோட்டை நடிகர் அத்தனை பேர் முன்னிலையிலும் வரைந்து காட்டுகிறார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் பிரெக்டும் நூல்கள் எழுதி ஆராய்ந்த சிக்கலைக் கூத்தாடி ஒரு கற்பூரக்கட்டியால் தொட்டுக் காட்டிவிடுகிறார். காஞ்சிபுரம் பக்கத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் ‘தெருக்கூத்து’ என்ற பெயரை ஒதுக்கி, கட்டை அணிகலன்களைக் கொண்டு ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரை வலியுறுத்தியதும் இந்த அறிவுக்கு மரியாதை கோரித்தான்.

நவீன நாடகம் இந்தக் கணக்கை மாற்றியது. 1977 அதன் திருப்புமுனை. அந்த ஆண்டில் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது, நா. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கூத்தைப் பார்த்ததே முத்துசாமியின் நாடகப் பார்வையைத் திருப்பியது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பட்டறை நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். சே. இராமானுஜம் ‘வெறியாட்ட’த்தில் யூரிப்பிடீஸின் துரோயப் பெண்களுக்கு நம் ஒப்பாரியைக் கொடுத்தார். இவை பெரிய சாதனைகள். ஆனால் பாடத்தின் இடத்தில் ‘பயிற்சி’ வந்து அமர்ந்தது. கற்றதை மற, உடலை வெறுமையாக்கு என்று இயக்குநர் கேட்டார். நாடகம் அவருடைய கற்பனையாயிற்று. அவர் இருட்டில், பார்வையாளரோடு உட்கார்ந்தார். நடிகருக்கு மிஞ்சியது பழக்கப்பட்ட உடல். அந்த உடலுக்குச் சினிமாவில் விலை இருந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் கூத்துப்பட்டறையிலிருந்து திரைக்குச் சென்றார்கள். பட்டறையில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்த விஜய் சேதுபதியும் சென்றார். இதைத் துரோகம் என்று புலம்பும் இயக்குநர்களோடு நான் உடன்படவில்லை. ஸ்பெஷல் நாடக நடிகர் எந்த ஊர் மேடையிலும் ஏறிப் பிழைக்கலாம். நவீன நாடக நடிகர் அப்படி ஏற இன்னொரு மேடை இல்லை. தனியே எடுத்துச் சென்று நிகழ்த்தத்தக்க எதையும் நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

இயக்குநருக்கும் இதில் இழப்பு உண்டு. பின்பாட்டில் நின்ற வாத்தியாருக்குத் தன் வேலை நடிகரின் வாயில் மறுபடி பிறப்பதை அருகிலிருந்து கேட்கும் பேறு இருந்தது. தவறினால் கைகொடுக்கவும் முடிந்தது. இருட்டில் இருப்பவருக்கு அந்த நொடியில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் உள்ளன. ஆனால் அந்த அச்சுப் பிரதியில், இன்று மேடையில் நாம் கேட்கும் தர்க்கம் இல்லை. அதை ஆக்கியவர்கள் நடிகர்கள். நாடகத் துறைகள் நடத்தும் பல்கலைக்கழகங்களிடமும், இரவெல்லாம் விழித்துக் கூத்தையும் நாடகத்தையும் ஒளிப்பதிவு செய்யும் இளம் ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ‘வள்ளி திருமண’த்தைப் பதிவு செய்யும்போது, ‘தகவலாளர்’ என்ற பட்டியலில் அன்றைய வள்ளியையும் நாரதரையும் சேர்க்காதீர்கள். ‘ஆசிரியர்’ என்ற இடத்தில், சுவாமிகளின் பெயருக்குக் கீழே, அவர்கள் பெயரை எழுதுங்கள்.