சயனைடு மேடும் திருட்டுச் சுட்டிகளும்

தங்கவயல்காரர்களுக்கு சயனைடு மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டியே உண்டான குன்றுகள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது.

எங்கள் வலைத்தளமும் அப்படித்தான் ஆனது. சுரங்கத்தில் இறந்தவர்களின் பெயர்களை மாரிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதினார். 2008இல் நாங்கள் சிலர் அதைத் தளத்தில் ஏற்றினோம். 2010இல் அவர் காலமானார். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

2011இல் சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, கூகிள்ல தாத்தா பேரைத் தேடினா வயாகரா விளம்பரம் வருது!"

நான் திறந்தால் ஒன்றுமில்லை. கூகிளின் தேடுபொறி வந்து படிக்கும்போது மட்டும் வேறு முகம் காட்டும்படி எழுதியிருந்தான் புண்ணியவான்.

ஏன் எங்கள் தளம்? லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் கூகிளைத் தொடங்கியபோது, ஒரு தளம் இன்னொன்றுக்குச் சுட்டி கொடுப்பதை ஓட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுக்கு மதிப்பு வந்தால் கள்ள ஓட்டும் வரும் இல்லையா? முதலில் பின்னூட்டங்களில் எரிதம் கொட்டினார்கள். அந்தச் சுட்டிகளை எண்ணாமல் விட 2005 ஜனவரியில் கூகிள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் ஒரு குறியீட்டை ஏற்றுக்கொண்டன. ஆனால் வீட்டுக்குள்ளேயே புகுந்து எழுதுகிறவனை அது என்ன செய்யும்? 2007இல் அல் கோரின் பருவநிலைத் தளத்திலேயே மருந்துச் சுட்டிகளை ஒளித்து வைத்தார்கள். நாங்கள் எம்மாத்திரம் :-)

சுட்டிகளை எல்லாம் அழித்தேன். மறுநாள் காலையில் திரும்பவும் இருந்தன. நான் பி.காம். படித்த வங்கி ஆள். பொய்ப் பதிவை அடித்தால் போதாது, பெட்டகத்தின் இன்னொரு சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. படங்கள் ஏற்றும் கோப்புறையில், படம் போலவே பெயர் வைத்து ஒரு பிஹெச்பி கோப்பு உட்கார்ந்திருந்தது. நாங்கள் புதுப்பிக்காமல் விட்ட பழைய வேர்ட்பிரஸ் வழியாக வந்திருக்க வேண்டும்.

பழைய பிரதியைப் போட்டுவிடு என்றார்கள் நண்பர்கள். அந்தப் பிரதி, பெரியவர் கடைசியாகச் சேர்த்த பெயர்களுக்கு முந்தையது. அதனால் தரவுத்தளத்தில் வரி வரியாகக் களை எடுத்தேன். மூன்று ராத்திரி. கடவுச்சொற்களை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, மறுபரிசீலனைக்குக் கூகிளுக்கு எழுதினேன். சில வாரங்களில் சரியானது.

திருட்டு வரிகள் சில பெயர்களை நடுவில் தின்றிருந்தன. ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் பெரியவரின் மகள் பழைய நோட்டைத் தேடி எடுத்து, போனிலேயே வாசித்துக் காட்டினார். இரண்டு பெயர்கள் இருந்த பக்கம் மட்டும் கரையான் அரித்துவிட்டதாம். அந்த இரண்டும் இன்றும் தளத்தில் பாதிப் பெயராகவே இருக்கின்றன. சாம்பியன் ரீஃப் பக்கத்துக் குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்களேன்.