ஒரு பவுண்டு தானியம்

தினமும் ஆபீஸ் போகிற வழியில் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுகிறேன். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு மட்டும் சுமார் எட்டு கிலோமீட்டர். 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அதை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சர் ரிச்சர்ட் டெம்பிள் என்றொரு அதிகாரி. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசியை வரவழைத்தவர். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லை. நமக்கு இது வெற்றி. மேலிடத்துக்கோ வீண் செலவு. மனுஷனை ஊதாரி என்று கிழித்தார்கள்.

1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை செலவைக் குறைக்க வேண்டும். நாள் முழுக்க உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று நிர்ணயித்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. அதிகம் கொடுத்தால் ஜனங்கள் அரசாங்கத்தையே நம்பி உட்கார்ந்துவிடுவார்களாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? டெம்பிள் படித்தது ஹெய்லிபரி கல்லூரியில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைத் தயார் செய்த இடம். மால்தஸ் அங்கேதான் 1805 முதல் சாகும்வரை பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். பஞ்சத்தில் தானிய வியாபாரத்தைத் தொடாதே என்ற பாடத்துக்கு மூலம் ஆடம் ஸ்மித். வேடிக்கை என்னவென்றால், 1776இல் ஸ்மித் அதை எழுதும்போது வங்கத்தில் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கியதாகக் குற்றம்சாட்டியது கம்பெனி ஊழியர்களின் கட்டுப்பாடுகளை. நூறு வருஷத்தில் அதே வாக்கியங்கள் அதிகாரிகளுக்கே கேடயமாகிவிட்டன.

டெம்பிளை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர், டாக்டர் கார்னிஷ். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், மேலே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவர் கேள்வி. எவ்வளவு கொடுத்தால் கஜானா தாங்கும், ஆள் சோம்பேறி ஆகமாட்டான் என்பது டெம்பிளின் கேள்வி. இரண்டுக்கும் பதில் பவுண்டில்தான் வரும் என்பதால், ஏதோ ஒரே கணக்குக்கு இரண்டு பேர் இரண்டு விடை சொன்ன மாதிரி தெரிகிறது. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. டாஷ்போர்டில் எந்த எண்ணை வைப்பது என்று முடிவானதுமே பாதி முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும், அப்புறம் எல்லோரும் 'டேட்டா சொல்லுது' என்பார்கள். டேட்டா பீகாரிலும் சொல்லியது. செத்தவர்களை எண்ணியிருந்தால் டெம்பிள் ஏற்கெனவே ஜெயித்தவர். எண்ணியது ரூபாயை.

சில மாதங்களில் படியைக் கொஞ்சம் ஏற்றினார்கள், கார்னிஷ் கேட்ட அளவுக்கு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்று ஒரு மதிப்பீடு. டெம்பிள் அந்த 1877லேயே பம்பாய் கவர்னர் ஆனார்.