கல்லும் செம்பும் மெமரி கார்டும்

பாலாற்றங்கரை நாட்டில் ஒரு செய்தியை எதன்மீது எழுதுவது என்பது, அச்செய்தி எத்தனை காலம், யார் கண்முன் நிற்கவேண்டும் என்பதையொட்டியே பண்டைநாளில் நிச்சயிக்கப்பட்டது. ஆநிரைப் போரில் மாய்ந்த வீரரின் கீர்த்தி வெயிலிலும் மழையிலும் ஊரார் காண நிற்கவேண்டியதாகையால் அதற்குக் கல்லே உரித்தாயிற்று. ஆம்பூரில் கிடைத்த இரு நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டுக்குரியவை. அன்றாடக் கணக்கு ஓலைக்குப் போயிற்று; பூச்சி அரிக்குமுன் அதைப் பெயர்த்தெழுதிக்கொண்டார்கள். நிலதானமோ, விவாதம் நேர்ந்தால் சபையில் எடுத்துக்காட்ட வேண்டிய பத்திரமாதலின், கையில் கொண்டுசெல்லத்தக்கதும் கறையானுக்கு இரையாகாததுமான செம்பை நாடிற்று.

வாணியம்பாடிக்கு அருகேயுள்ள உதயேந்திரத்தின் பெயரைத் தாங்கிய செப்பேடு இதற்கு உத்தமமான சாட்சி. நந்திபுரத்தில் பகைவர் முற்றுகையிட்டபோது தன்னை மீட்ட சேனாபதி உதயசந்திரனின் விண்ணப்பத்துக்கிணங்கி, பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அந்தணர்க்கு ஓர் ஊரைத் தானஞ்செய்து, அதற்கு உதயசந்திரமங்கலம் என்று அந்தச் சேனாபதியின் பெயரையே சூட்டிய வரலாற்றை அது கூறுகிறது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, சோழன் முதற் பராந்தகனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அவ்வூராரும் அயலூராரும் ஒரே ஊராக இணைய உடன்பட்ட செய்தியும் அதே ஏட்டின் இறுதியில் சேர்க்கப்பட்டது. சேர்த்தார்களேயன்றி முன்னதை அழிக்கவில்லை. ஏடுகளைக் கோத்த வளையத்தில் அரச முத்திரை பதிக்கும் வழக்கமும் வெறும் அலங்காரமன்று. வளையத்தை அறுக்காமல் போலி ஏடொன்றை இடையில் நுழைத்தல் இயலாது.

இன்று அதே பள்ளத்தாக்கின் வழியே, தோலும் காலணியும் ஏற்றிய லாரிகள் நெருங்கிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய கேமராவுக்குள் இருக்கும் சாசனம் நேர்மாறான தர்மத்தை உடையது. எழுதுவதைக் காட்டிலும் அழித்து எழுதுவதே அதன் தொழில். மணிக்கு 6 அல்லது 7 ஜிபி நிரம்பும் பதிவானால், 32 ஜிபி கார்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் நிறைந்து, பழைய காட்சியின்மீதே புதியதை எழுதத் தொடங்கும். பெங்களூரு சேருமுன் சென்னையில் புறப்பட்ட காட்சி மறைந்திருக்கும். 1987-இல் தோஷிபாவின் புஜியோ மசுவோகா உலகறியச் செய்த நாண்ட் நினைவகமே இக்கார்டுகளின் உள்ளுறுப்பு. அதன் ஒவ்வொரு அறையும் அழித்தெழுதுவதைக் குறித்த தடவைகளே தாங்கும், பிறகு தேய்ந்துவிடும். போதாக்குறைக்கு, கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காரின் கண்ணாடியோரத்து உஷ்ணம் வேறு. புகைப்படத்துக்கென்று வாங்கிய கார்டு இங்கே விரைவில் சோர்ந்துபோவதும், விபத்து நேர்ந்த அன்று திறந்து பார்த்தால் பல நாட்களாக எதுவுமே பதிவாகியிராததும், ஆச்சரியப்படத்தக்கன அல்ல.

ஆதலின் வேலூர்க் கடைவீதியில் கார்டு கேட்போர், உறைமேல் அச்சிட்ட வேகக் குறியில் மயங்காமல், இடைவிடாப் பதிவுக்கென்றே செய்யப்பட்ட 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகையையே கேட்டு வாங்குக. கேமரா ஏற்குமாயின் பெரிய கொள்ளளவாக வாங்குதல் நலம், ஒவ்வொரு அறையும் அழிபடும் முறை அதனால் குறையும். அரச முத்திரை இல்லாத இக்காலத்தில் போலிகள் மலிந்திருப்பதால், வாங்கிய அன்றே கணினியில் முழுவதும் நிரப்பிப் படித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறையேனும் பதிவு ஓடுகிறதா என்று சரிபார்த்து, கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.