ஃபைன்கோல்ட் உணவுமுறை

ஃபைன்கோல்ட் உணவுமுறை என்பது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏடிஎச்டி) உடைய குழந்தைகளின் நடத்தையை மருந்தின்றி, உணவு மாற்றத்தின் மூலம் சீராக்கலாம் என்னும் கருத்தின் அடிப்படையில் 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவான உணவுக் கட்டுப்பாட்டு முறை ஆகும். இதனை முன்வைத்தவர் குழந்தை மருத்துவரும் ஒவ்வாமை வல்லுநருமான பெஞ்சமின் ஃபைன்கோல்ட் (1899–1982) ஆவார். இக்குறைபாட்டுக்கான இயற்கை வழிமுறைகள் எனப்படுபவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது இதுவே. ஃபைன்கோல்ட் கூறிய அளவுக்கு இம்முறை பயன் தரவில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும், செயற்கை நிறமூட்டிகள் சில குழந்தைகளின் நடத்தையைப் பாதிக்கக்கூடும் என்ற அவரது ஐயம் முற்றிலும் பொய்யாகிவிடவுமில்லை.

தோற்றம்

ஃபைன்கோல்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில் கைசர் பெர்மனன்ட் மருத்துவ அமைப்பின் ஒவ்வாமைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1965இல் தோல் தடிப்பு நோயுடன் வந்த ஒரு பெண்ணுக்கு, சாலிசிலேட் என்னும் வேதிப்பொருள் உள்ள உணவுகளை விலக்குமாறு அவர் கூறினார். தடிப்பு மறைந்தது, அத்துடன் அப்பெண்ணிடம் நெடுநாளாக இருந்த முரட்டுத்தனமும் தணிந்தது. இந்நிகழ்வே தம் சிந்தனையைத் தூண்டியதாக ஃபைன்கோல்ட் பின்னர் எழுதினார். ஆஸ்பிரின் மாத்திரையும் சாலிசிலேட் வகையைச் சேர்ந்ததே. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுள் சிலருக்கு டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறமூட்டியும் ஒவ்வாதிருப்பதை மருத்துவர்கள் அக்காலத்தில் கவனித்திருந்தனர். இவ்விரண்டையும் இணைத்தே அவர் தம் கருதுகோளை அமைத்தார்.

1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதனை அவர் வெளியிட்டார். மிகையியக்கமுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வரை உணவு மாற்றத்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காண்பர் என்பது அவரது கூற்று. 1975இல் வெளிவந்த அவரது நூல் பெற்றோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. பள்ளிக் குழந்தைகளுக்கு மெத்தில்பெனிடேட் போன்ற ஊக்க மருந்துகள் கொடுப்பது குறித்து அச்சம் நிலவிய காலம் அது. மருந்துக்கு மாற்றாகச் சமையலறையிலேயே ஒரு வழி உண்டு என்ற செய்தி பல குடும்பங்களுக்கு நம்பிக்கை அளித்தது. 1976இல் பெற்றோர்கள் இணைந்து ஃபைன்கோல்ட் சங்கத்தை நிறுவினர்.

விலக்கப்படும் உணவுகள்

செயற்கை நிறமூட்டிகளும் செயற்கைச் சுவையூட்டிகளும் முழுமையாக விலக்கப்படும். எண்ணெய்ப் பண்டங்கள் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பிஎச்ஏ, பிஎச்டி ஆகிய பொருட்களும் பின்னர் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை தவிர ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, பீச், பிளம், தக்காளி, வெள்ளரி, வாதுமை முதலிய இயற்கை உணவுகளும் முதற்கட்டத்தில் நிறுத்தப்படும். குழந்தையிடம் முன்னேற்றம் தெரிந்த பிறகு இவை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கப்பட்டு விளைவு கவனிக்கப்படும்.

இம்முறையின் நலிந்த பகுதி சாலிசிலேட் பற்றியதே. சாலிசிலேட் உள்ள பழங்கள் மிகையியக்கத்தைத் தூண்டுகின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அத்துடன், ஃபைன்கோல்ட் பயன்படுத்திய பட்டியல் துல்லியமான அளவீடுகளின் அடிப்படையில் அமைந்ததன்று. 1985இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நூறு உணவுகளை அளந்தபோது பழங்களைக் காட்டிலும் மசாலாப் பொருட்களிலும் மூலிகைகளிலுமே சாலிசிலேட் மிகுந்திருப்பது தெரிந்தது. அக்கணக்கைப் பின்பற்றினால் தமிழர் சமையலறையின் அஞ்சறைப்பெட்டியையே மூடிவைக்க நேரிடும்.

தொடக்ககாலச் சோதனைகள்

ஃபைன்கோல்ட் சான்றாகக் காட்டியவை அவர் நேரில் கண்ட நோயாளிகளின் வரலாறுகள். அவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒரு குடும்பம் முழுவதும் உணவை மாற்றும்போது குழந்தைக்குக் கிடைக்கும் கவனிப்பும் வீட்டின் ஒழுங்கும் சேர்ந்தே மாறுகின்றன. நற்பலனை எதிர்பார்க்கும் பெற்றோருக்கு அது கண்ணில் படுவதும் இயல்பு. ஆகவே, குழந்தை எதை உண்கிறது என்பது பெற்றோர், ஆசிரியர், மதிப்பிடுவோர் எவருக்கும் தெரியாதவாறு நடத்தப்படும் இருமறைப்புச் சோதனைகள் தேவைப்பட்டன.

இவற்றுள் 1978இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஆய்வாளர்கள் குடும்பங்களின் வீட்டிலிருந்த உணவுப் பொருட்களை அகற்றிவிட்டு, வாரந்தோறும் குடும்பம் முழுமைக்குமான உணவைத் தாமே வழங்கினர். பள்ளி வயதுச் சிறுவர்கள் 36 பேரிடம் ஃபைன்கோல்டின் கூற்றுக்கு வலுவான ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால், பள்ளி செல்லும் வயதை எட்டாத 10 சிறுவர்களின் தாய்மார் அனைவருமே முன்னேற்றம் இருந்ததாக மதிப்பிட்டனர்.

1980இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், கட்டுப்பாட்டு உணவில் இருந்த 22 குழந்தைகளுக்கு அவ்வப்போது ஏழு நிறமூட்டிகளின் கலவை மறைவாகக் கொடுக்கப்பட்டது. இருபது பேரிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரு குழந்தை சிறிதளவு பாதிக்கப்பட்டது. 34 மாத வயதுடைய ஒரு பெண் குழந்தையிடம் மட்டும் தெளிவான, பெரிய மாற்றம் தென்பட்டது. இப்பொருள் பற்றிய விவாதம் நெடுங்காலம் முடியாமல் இருந்ததற்கு இந்த ஒரு முடிவே காரணத்தைக் காட்டுகிறது. சராசரியைப் பார்ப்பவருக்கு விளைவு ஏதுமில்லை. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கோ விளைவு கண்கூடானது.

1983இல் கவாலே, ஃபார்னஸ் ஆகியோர் 23 ஆய்வுகளைத் தொகுத்து, இவ்வுணவுமுறையின் பயன் புறக்கணிக்கத்தக்க அளவே என்று முடிவு கூறினர். அதன்பின் மருத்துவ உலகம் இதனைப் பெரிதும் கைவிட்டது. 2004இல் 15 இருமறைப்புச் சோதனைகளை ஒன்றுதிரட்டிய மற்றொரு தொகுப்பாய்வு நிறமூட்டிகளுக்குச் சிறிய விளைவு உண்டெனக் கண்டது. ஆயினும் அது பெற்றோரின் மதிப்பீட்டில் தெரிந்ததேயன்றி ஆசிரியரின் மதிப்பீட்டில் தெளிவாகத் தெரியவில்லை.

சவுத்தாம்ப்டன் ஆய்வும் சட்டங்களும்

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் இதழில் வெளியாகி இவ்விவாதத்தைப் புதுப்பித்தது. 3 வயதுக் குழந்தைகள் 153 பேரும், 8 முதல் 9 வயதுடையோர் 144 பேரும் இதில் பங்கேற்றனர். இவர்கள் இக்குறைபாடு உடையோர் என்று தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர், பொதுவான குழந்தைகள். சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் நிறமூட்டிகளும் கலந்த பழச்சாறு சில வாரங்களிலும், அதே தோற்றமும் சுவையும் கொண்ட கலப்பற்ற பானம் சில வாரங்களிலும் அளிக்கப்பட்டன. கலவை அருந்தியபோது சராசரி மிகையியக்கம் சற்றே கூடியது. விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபட்டது. சோதிக்கப்பட்ட இரு கலவைகளும் எல்லா வயதினரிடமும் ஒரே விளைவைத் தரவுமில்லை. நிறமூட்டியும் பதப்பொருளும் சேர்த்தே கொடுக்கப்பட்டதால் எது காரணம் என்று பிரித்தறியவும் இயலவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் இந்த ஆய்வைப் பரிசீலித்து, அனுமதிக்கப்பட்ட உட்கொள்ளல் அளவை மாற்ற இது போதிய அடிப்படை அன்று என்றது. இருப்பினும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 சூலை 20 முதல், டார்ட்ரசின், குயினோலின் மஞ்சள், சன்செட் மஞ்சள், கார்மோயிசின், போன்சோ 4ஆர், அல்லூரா சிவப்பு ஆகிய ஆறு நிறமூட்டிகளுள் ஏதேனும் சேர்ந்த உணவில், அது குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. எச்சரிக்கையை அச்சிடுவதைவிட நிறமூட்டியை மாற்றுவதே எளிது எனப் பல நிறுவனங்கள் கருதியதால், அறிவிப்பைக் காட்டிலும் நிறமூட்டிகளே கடைகளில் இருந்து மறையலாயின.

ஐக்கிய அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 2011இல் உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு எச்சரிக்கை தேவையில்லை எனப் பரிந்துரைத்தது. 2021இல் கலிபோர்னியா மாநிலச் சுற்றுச்சூழல் நலத்துறை, செயற்கை நிறமூட்டிகள் சில குழந்தைகளின் நடத்தையைப் பாதிக்கக்கூடும் என அறிக்கை வெளியிட்டது. 2024இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், 2027 இறுதியில் இருந்து ஆறு நிறமூட்டிகளை அரசுப் பள்ளி உணவில் தடை செய்கிறது. 2025 சனவரியில் அமெரிக்காவில் எரித்ரோசின் என்ற சிவப்பு நிறமூட்டிக்கான அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதற்குக் காரணம் எலிகளில் கண்ட புற்றுநோயே அன்றி மிகையியக்கம் அன்று; இவ்விரண்டும் செய்திகளில் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

பிற இயற்கை வழிமுறைகள்

சர்க்கரை குழந்தைகளைத் துள்ளச் செய்கிறது என்ற நம்பிக்கை ஃபைன்கோல்ட் கூறியது அன்று. ஆயினும் அவர் பெயருடன் சேர்த்தே பேசப்படுகிறது. 1994இல் நடந்த ஒரு சோதனையில், தம் மகன் சர்க்கரைக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதாக நம்பிய தாய்மாரிடம், குழந்தைக்கு மிகுந்த சர்க்கரை கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் கொடுக்கப்பட்டது சர்க்கரையற்ற இனிப்பூட்டி. அவ்வாறு சொல்லப்பட்ட தாய்மார் தம் மகனின் துடிப்பை மற்றவர்களைவிட மிகுதியாக மதிப்பிட்டனர். மகனை அதிகம் கடிந்துகொள்ளவும் செய்தனர்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் பயன் சிறிதே. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மதிப்பிடுவோருக்குச் சிகிச்சை தெரியாத ஆய்வுகளை மட்டும் கணக்கிட்டபோது, மருந்தல்லாத வழிகளுள் பலவற்றின் பயன் சுருங்கிவிட்டது; கொழுப்பு அமிலங்களும் நிறமூட்டி விலக்கலும் ஓரளவு தாக்குப்பிடித்தன. நிறமூட்டி விலக்கலின் பயன் பெரும்பாலும் ஏற்கெனவே உணவு ஒவ்வாமை உணர்வு கொண்ட குழந்தைகளிடமே காணப்பட்டது. இரும்பு, துத்தநாகம் ஆகியன உடலில் குறைந்திருந்தால் மட்டுமே கூடுதலாகத் தரப்படுவது பொருத்தம். போதிய உறக்கமும் உடற்பயிற்சியும் செலவில்லாதவை, தீங்கற்றவை. ஆனால் தனித்த சிகிச்சை ஆகா.

மருத்துவ வழிகாட்டல்களும் இந்திய நிலையும்

பிரித்தானியாவின் 2018 வழிகாட்டல், நிறமூட்டி விலக்கலைப் பொதுவான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. குறிப்பிட்ட உணவுக்கும் நடத்தைக்கும் தொடர்பு இருப்பதாகப் பெற்றோர் கருதினால், உண்டதையும் நடத்தையையும் நாட்குறிப்பில் எழுதி வருமாறும், அதில் தொடர்பு தெரிந்தால் உணவியல் வல்லுநரை நாடுமாறும் கூறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டலின்படி, 6 வயதுக்குக் குறைந்தோருக்கு முதலில் தரப்படுவது பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி. அதற்கு மேற்பட்ட வயதில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும். உணவுக் கட்டுப்பாட்டை நம்பி இவற்றைத் தள்ளிப்போடும்போது குழந்தையின் பள்ளி ஆண்டுகள் வீணாகக்கூடும். பழங்களையும் காய்களையும் நெடுநாள் விலக்குவதால் ஊட்டக் குறைவும் நேரலாம்.

மேற்கூறிய ஆறனுள் டார்ட்ரசின், சன்செட் மஞ்சள், கார்மோயிசின், போன்சோ 4ஆர் ஆகியவை இந்தியாவில் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவை. பொதிகளில் இவை முறையே 102, 110, 122, 124 என்ற எண்களால் குறிக்கப்படுகின்றன. கடைகளில் பொதியின்றி விற்கப்படும் இனிப்புகளிலும், வீட்டில் கேசரிக்குச் சேர்க்கும் நிறப்பொடியின் அளவிலும் இக்குறியீடு உதவாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டதற்குக் காரணமான ரோடமின்-பி இவற்றுள் ஒன்றன்று. அது உணவில் சேர்க்க அனுமதியே இல்லாத தொழிற்சாலைச் சாயம்.