ரவுண்டானா என்றொரு மரபணு

சென்னையிலிருந்து வரும் சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. இடப்பக்கம் புதுச்சேரி, வலப்பக்கம் செஞ்சி, நேரே போனால் விழுப்புரம். விழுப்புரத்தில் தண்டவாளமே ஐந்து திசைக்குப் பிரிகிறது. வழி பிரிவதையும் குறுக்கே கடப்பதையும் தினமும் பார்க்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு, ஒரு மரபணுவுக்குப் பெயர் வந்த கதை சட்டென்று பிடிபடும்.

அமெரிக்காவின் பெர்க்லியில் கோரி குட்மனின் குழு பழ ஈக்களின் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தது. உடலின் நடுக்கோட்டை ஒரு நரம்பு ஒரு முறை கடந்தால் அதோடு சரி, திரும்பி வராது. சில ஈக்களிலோ கடந்த நரம்பு திரும்பி வந்தது, மறுபடி கடந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. பழுதான அந்த மரபணுவுக்கு 1993இல் 'ரவுண்டபவுட்' என்று பெயர் வைத்தார்கள். நம் பேச்சில், ரவுண்டானா.

கடந்த நரம்பைத் திரும்பவிடாமல் தடுப்பது அதன் வேலை. அந்த மரபணுவின் குடும்பத்தில் மனிதருக்குள்ள ஒன்று ரோபோ-3. இதன் வேலை நேர்மாறு: நரம்பைக் கடக்கவிடுவது. 2004இல் ஜோவானா ஜென், எலிசபெத் எங்கிள் உள்ளிட்ட குழு, பக்கவாட்டில் கண் நகராமலும் முதுகெலும்பு வளைந்துகொண்டே போயும் தவிப்பவர்களிடம் இந்த மரபணுவே பழுதாகியிருப்பதைக் கண்டது. நமக்கு வலக்கையை ஆட்டுவது இடப்பக்க மூளை. இவர்களுக்கு வலப்பக்க மூளையே. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இரு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப, மூளைத்தண்டில் ஒரு நரம்பு நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். இவர்களிடம் அது கடப்பதில்லை. மேலும் கீழும் பார்ப்பதற்கான ஆணை வேறிடத்திலிருந்து வருவதால் அது பிழைத்துக்கொள்கிறது.

தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பழுது இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும், அதுவும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது. சொந்தத்தில் கட்டும்போது அந்தப் பொருத்தம் கூடுகிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள்ளேயே கட்டியவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். இந்த நோயும் மிக அரிது. பெற்றவர்களைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை.

ஆனால் நோயைக் கண்டுகொள்வதில்தான் சிக்கல்: கண்ணை ஒரு மருத்துவர் பார்க்கிறார், முதுகை வேறொருவர் பார்க்கிறார். "பக்கத்துல பாக்கணும்னா தலையத்தான் திருப்புறான்" என்று தாய் சொல்வது எலும்பு மருத்துவரின் காதுக்கு எட்டுவதில்லை. முதுகு கோணிக்கொண்டே போகும் குழந்தையின் தலையை மெல்லப் பிடித்துக்கொண்டு, கண் முன்னால் ஒரு விரலை இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கண் கூடவே வருகிறதா?